வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு அரசு தரும் உதவிகள்

குமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் பூ விவசாயம் செய்யும் குடும்பத்து மாணவி, பி.எஸ்சி. வேளாண்மை படிக்க அரசு உதவி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நிச்சயமாகக் கிடைக்கும், ஆனால் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதே முதலில் பார்க்கப்படும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, 2021-இல் வந்த சட்டத்தின்படி வேளாண் படிப்பிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் படித்தவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வரமாட்டார்கள் என்பது எனக்கு வருத்தமே. எனினும், அங்கே தமிழ்வழியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம். ஆண் மாணவர்களுக்கு இதேபோலத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை தனியாக உண்டு. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கலந்தாய்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.