வயிற்றின் மேல் ஏன் பழி?

கேள்வி: மகன் புடாபெஸ்டில் வேலை பார்க்கிறான். ஹங்கேரியப் பெண்ணைக் கல்யாணம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஜூனில் முதல்முறையாகப் போகிறோம், சம்பந்தி வீடு இருக்கும் ஸெகெட் நகரில் ஒரு வாரம் தங்குகிறோம். நான் சுத்த சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் பார்ப்பதில்லை. கணவர் வெளியில் அசைவம் சாப்பிடுவார், விசேஷம் என்றால் கொஞ்சம் குடிப்பார். சம்பந்தியம்மா என்ன சமைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். சங்கடம் வேண்டாமென்று, எங்கள் இருவருக்கும் வயிறு சரியில்லை, டாக்டர் சொன்ன சாப்பாடுதான் என்று மகன் சொல்லிவைத்திருக்கிறான். குக்கர், அரிசி, பொடி, நெய் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். அங்கே நாங்கள் பயமில்லாமல் சாப்பிடக்கூடியது என்ன?
- வாசகி, கரூர்

பதில்: வெளிநாடு கிளம்பும் அம்மாக்களின் சூட்கேஸ் கவலை எனக்குப் புதிதில்லை. குக்கரோ பொடியோ, எடுத்துப்போவது உங்கள் பாடு. ஆனால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, வயிறு சரியில்லை என்று மகன் சொல்லிவைத்திருக்கிறான் என்று, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முகம் பார்க்காத சம்பந்திக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு பெண்மணி விடாமல் கேட்கிறார். அதற்கு உங்கள் வீட்டிலிருந்து போன பதில் பொய். மகன் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் அவனைக் கண்டித்ததாக எழுதவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில்தான் நம் பக்கம் கை நனைக்கமாட்டோம். உங்களுக்குக் கல்யாணமே முடிந்து இரண்டு வருடமாயிற்று. இன்னமும் அந்த வீட்டில் கை நனைக்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். சைவம் என்று சொல்ல என்ன வெட்கம்?

அப்புறம், அந்தப் பொய் அங்கே செல்லுபடியும் ஆகாது. வயிறு சரியில்லை என்று ஹங்கேரியில் சொன்னால் முதலில் மேஜைக்கு என்ன வரும் தெரியுமா? பாலிங்கா. பிளம், ஆப்ரிகாட், பேரிக்காய் போன்ற பழங்களைப் புளிக்கவைத்து வடித்த சாராயம், சட்டப்படி குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹால், வீட்டில் வடித்தது என்றால் பெரும்பாலும் அதற்கும் மேலே. இல்லையென்றால் உனிகும், குண்டுப் பாட்டிலில் வரும் கறுப்பு மூலிகைக் கசப்பு, அதுவும் மதுதான். இரண்டுமே வயிற்றுக்கு மருந்து என்று நம்பி ஊற்றிக்கொடுக்கும் பெரியவர்கள் உண்டு. அதிலிருந்து தப்பித்தாலும் நாள்பூராவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் காய்ந்த ரொட்டியும் தின்றுவிட்டு, மூன்றாம் நாள் லாங்கோஷ் கடையில் பிடிபடுவீர்கள். எண்ணெயில் பொரித்த மாவுரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர், புளித்த பாலேடு, துருவிய சீஸ். எந்த டாக்டர் அதைச் சாப்பிடச் சொன்னார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எல்லாமே மாடும் பன்றியும் என்பது அரைகுறைப் பேச்சு. ஃபோஸெலேக் என்று ஒன்று தினசரிச் சாப்பாடாக வீடுகளில் உண்டு. வெள்ளைப் பூசணி மாதிரியான ஒரு காயைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, வேகவைத்து, வறுத்த மாவில் கெட்டியாக்கி, சதகுப்பைக் கீரையை நறுக்கிப்போட்டு, கடைசியில் புளித்த பாலேடு ஊற்றி இறக்குவார்கள், நம் மோர்க்கூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பட்டாணி, பருப்பு, பசலைக்கீரை என்று ஒவ்வொன்றிலும் செய்வார்கள். அதன்மேல் கறித்துண்டோ தொத்திறைச்சியோ வைப்பது வழக்கம், வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். ஜூனில் புளிப்புச் செர்ரி பழுக்கும், அதைப் பாலேடு சேர்த்துச் சில்லென்று சூப்பாகத் தருவார்கள். இனிப்பாயிற்றே என்று கடைசிக்கு ஒதுக்காதீர்கள், அது முதலில் சாப்பிடுவது. பாப்ரிக்கா என்கிற ஹங்கேரிய மிளகாய்ப்பொடியும் பாலேடும் சேர்த்த காளான் குழம்பு, கசகசாவும் சர்க்கரையும் தூவிய நூடுல்ஸ், தயிர்ப்பாலாடை உருண்டை என்று ஒரு வாரம் தாராளமாக ஓடும், நூடுல்ஸிலும் உருண்டையிலும் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்கவேண்டியது கண்ணுக்குத் தெரியாத பன்றிதான். பழைய பழக்கத்தில் வெங்காயம் வதங்குவது பன்றிக்கொழுப்பில், அப்புறம் அடுப்பிலிருந்து இறக்கி, கருகிக் கசக்காமல் பாப்ரிக்காவைக் கலப்பார்கள். பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய பன்றிக்கால் கிடக்கும், லெச்சோ என்கிற குடைமிளகாய்-தக்காளிக் கூட்டில் தொத்திறைச்சி சேரும். "நெம் எஸெம் ஹூஷ்த்", கறி சாப்பிடமாட்டேன், இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் போதாது, எலும்புச்சாறும் கொழுப்பும் கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டும்.

உங்கள் கணவர் விஷயம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. வெளியில் அசைவம், வீட்டில் சைவம். சம்பந்தி வீடு வீடா வெளியா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும். வெளி என்று முடிவு செய்தால் ஸெகெட்டில் கெண்டைமீன் சூப்பை விட்டுவிடக் கூடாது. பாப்ரிக்காவுக்கே பெயர்போன ஊர் அது. அங்கே இருந்த விஞ்ஞானி ஆல்பெர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி வைட்டமின் சி-யை அதிக அளவில் பிரித்தெடுத்தது பாப்ரிக்கா மிளகாயிலிருந்துதான், 1937-இல் நோபல் பரிசு வாங்கினார். குலாஷ் அங்கே குழம்பு இல்லை, சூப். பெரும்பாலும் மாட்டிறைச்சி, வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடட்டும். பாலிங்காவை வாங்கி ஒரு வாய் குடித்தால் மரியாதை, மூன்றாவது கிளாஸ் மரியாதையில் சேராது. பியர் கிளாஸை மட்டும் இடிக்கவேண்டாம். 1849-இல் அராட் நகரில் 13 ஹங்கேரியத் தளபதிகளைக் கொன்றுவிட்டு ஆஸ்திரியர்கள் பியர் கோப்பையை இடித்துக் கொண்டாடினார்கள் என்று ஒரு கதை, பெரியவர்கள் இன்னமும் பார்ப்பார்கள். உங்களுக்கு எல்டர்ஃபிளவர் என்கிற பூவில் செய்த சர்பத்தில் சோடா ஊற்றிக் கேளுங்கள்.

இன்றைக்கே சம்பந்தியம்மாவுக்கு நீங்கள் எழுதுங்கள். "மகன் சங்கடப்பட்டு வயிறு என்று சொல்லிவிட்டான், அது உண்மையில்லை. நான் பிறந்ததிலிருந்து கறி, மீன் சாப்பிடுவதில்லை, எலும்புச்சாறும் பன்றிக்கொழுப்பும் கூடாது, முட்டை கேக்கில் இருந்தால் மட்டும் பரவாயில்லை. காய், பருப்பு, பால், தயிர், சீஸ் எல்லாம் சாப்பிடுவேன். நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை." இதை மொழிபெயர்க்க மகனிடம் கொடுக்காதீர்கள், மருமகளிடம் கொடுங்கள். மகனைத் திட்டலாமா என்று கேட்டால், திட்டுங்கள், பெற்றவர்களை நோயாளியாக்கி இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நிம்மதி தேடுகிற பிள்ளையைத் திட்டாமல் என்ன செய்வது?

அரிசியும் பொடியும் போகட்டும், ஒரு நாள் அவர்கள் அடுப்பில் அவர்களுக்குச் சமைத்துப் போடுவதற்காக. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு புளியோதரை கிளறுவதற்கு இல்லை. நெய்யை இறக்கிவையுங்கள், பால்கோவா வைத்திருந்தால் அதையும். வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சம்பந்தி வீட்டு வாசலில் ஏறும்போது பூ வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும், இரட்டைப்படை அங்கே துக்கத்துக்கு.