எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ போடலாமா?

கேள்வி: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை முதன்முறையாக நானே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யப் போகிறேன். வன்பொருளை இயக்கும் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘ஒய்’ போட்டு உள்ளேயே சேர்ப்பதா, ‘எம்’ போட்டு, தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பான மாட்யூலாக வைப்பதா என்று மெனு கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ போட்டால் வேகம் கூடும் என்கிறான் நண்பன். நிஜமா?

பதில்: நீங்கள் உணரும்படி எதுவும் கூடாது. ஏறிய பிறகு மாட்யூலும் கெர்னலின் பகுதிதான். அதே நினைவகம், அதே அதிகாரம். மோசமாக எழுதிய மாட்யூல் ஒன்று மொத்த சிஸ்டத்தையும் கவிழ்ப்பது அதனால்தான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ரூட் ஃபைல் சிஸ்டம் (சிஸ்டத்தின் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுன்ட் ஆகும் முன்பே, அதாவது படிக்கக் கிடைக்கும் முன்பே, இந்த டிரைவர் தேவைப்படுமா? மாட்யூல்கள் கிடப்பது டிஸ்கில். உங்கள் டிஸ்க் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, அதன் ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்று வைத்துக்கொண்டால், அதைப் படிக்க இந்த இரண்டின் டிரைவர்களும் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? கெர்னல் பேனிக், மேலே போக வழியின்றிக் கெர்னல் அப்படியே நின்றுவிடும்! லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள், கெர்னலோடு சேர்ந்தே நினைவகத்துக்கு வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பில் அந்த மாட்யூல்களை வைத்து முதலில் ஏற்றிவிடுவார்கள். அது இல்லாமல் பூட் செய்வதென்றால் இந்த இரண்டுக்கும் ‘ஒய்’தான்.

கிராஃபிக்ஸ் இதற்கு நேரெதிர். ஏஎம்டி கிராஃபிக்ஸின் டிரைவரான ஏஎம்டிஜிபியு-வுக்கு ‘ஒய்’ போட்டால், டிஸ்க் மவுன்ட் ஆகும் முன்பே அது விழித்துக்கொண்டு கிராஃபிக்ஸ் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். கோப்போ டிஸ்கில்! அதையும் கெர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்க வேண்டும். இந்தத் தலைவலி எதற்கு? ‘எம்’ போடுங்கள்.

வைஃபைக்கும் ‘எம்’தான். என் லேப்டாப் தூங்கி எழுந்தால் வைஃபை சில நாள் முரண்டு பிடிக்கும். மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றுவேன், சரியாகிவிடும். ‘ஒய்’ போட்ட டிரைவரைக் கழற்ற முடியாது. பெரும்பாலும் ரீபூட்தான் கதி.

வன்பொருள் மாறவே மாறாத சர்வர் என்றால் உங்கள் நண்பர் சொல்வதைச் செய்யலாம், ஆனால் வேகத்துக்காக அல்ல. மாட்யூல் வசதியையே அணைத்துவிட்டால், உள்ளே புகுந்து ரூட் எனும் உச்ச அதிகாரம் பிடித்தவன்கூடத் தன் திருட்டு மாட்யூலை ஏற்ற முடியாது.

உங்களுக்கு ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை போதும். இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். ஓட்டுவதற்கு முன் வெப்கேம், பென் டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாதவற்றின் டிரைவரும் கழிந்துபோகும்.