இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த இளம் வங்கி ஊழியர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்?

ஜான் கிரேபர்ன். நானும் வங்கிக் கவுண்டரில் அமர்ந்து பிழைத்தவன் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

1918 ஜனவரியில் கராச்சியை ஒட்டிய மனோரா தீவில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து, ஹாங்காங் அண்ட் ஷாங்காய் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்தார். ரக்பி ஆடுவார். அந்த வங்கியின் தலைமை மேலாளர் வேண்டலர் கிரேபர்ன் அவருடைய தந்தைவழி உறவினர். போர் வராமல் இருந்திருந்தால் பேரேடும் பதவி உயர்வுமாக வாழ்க்கை ஓடியிருக்கும்.

போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்தவர் பிறகு பாராசூட் படைக்கு மாறினார். 1944 செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஆர்னெம் நகருக்கு அருகே இறங்கினார். ரைன் ஆற்றுப் பாலத்தின் தென்முனையைப் பிடிக்க அன்றிரவு அவருடைய பிளட்டூனுக்கு, அதாவது அவர் தலைமையிலான சிறு படைப்பிரிவுக்கு, உத்தரவு. பாலத்தில் ஒதுங்க இடமே இல்லை. எதிரே ஜெர்மானியரின் 20 மி.மீ. பீரங்கிகள். கிளம்பியவுடனே தோளில் குண்டு பாய்ந்தது. அப்படியும் முன்னேறினார். இழப்பு மிகுந்ததும் பின்வாங்கச் சொன்னார்கள். தன் ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக இறங்கினார்.

அடுத்த மூன்று நாட்கள் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மீண்டும் காயம், இம்முறை முதுகில். சிகிச்சைக்குப் போக மறுத்துவிட்டார். 20ஆம் தேதி ஒரு டாங்கி மிக அருகில் வந்து, அந்த இடத்தில் இனி நிற்க முடியாது என்றானபோது, அதன் கண்ணெதிரே எழுந்து நின்று தன் வீரர்களைப் பாதுகாப்பான இடத்துக்குத் திருப்பி அனுப்பினார். அன்றிரவே கொல்லப்பட்டார். வயது 26. மனைவியும் சிறு மகனும் இருந்தார்கள்.

அவருக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. வீரம் என்றாலே பாய்ந்து தாக்குவதைத்தான் பேசுகிறோம். என் மனத்தில் நிற்பவை அந்த இரண்டு பின்வாங்கல்கள். தோற்கும் நேரத்தில் தன் ஆட்களை எண்ணிப் பார்த்து வெளியேற்ற எவ்வளவு நிதானம் வேண்டும்!

வேண்டலர் கிரேபர்னும் அந்தப் போரில்தான் மாண்டார். ஹாங்காங்கில் அடைபட்டிருந்தவர்களுக்கு ரகசியமாகப் பணம் அனுப்பியதற்காக ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். 1943 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்தார்.

ஜானின் கல்லறை ஆர்னெமை அடுத்த ஓஸ்டர்பேக் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. நெதர்லாந்து பக்கம் போகிறவர்கள் அவசியம் சென்று வாருங்கள்.