முகாமில் கேஸ்வொர்க் பயிற்சிக்குப் போக நினைக்கும் மகளும், அடமானத்துக்குப் போகவிருக்கும் தேயிலைத் தோட்டமும்

கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம். கோவையில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. சீட் பேசி வைத்திருக்கிறார். அதற்காக முக்கால் ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கப் பார்க்கிறீர்கள். மகளோ இலங்கைத் தமிழர் முகாமில் இரண்டு மாதம் கேஸ்வொர்க் (ஒவ்வொரு குடும்பத்தின் சிக்கலையும் தனித்தனியாக எடுத்து, கூட நின்று உதவும் வேலை) இன்டர்ன்ஷிப் போகிறேன் என்று நிற்கிறாள். "படிக்க வைத்த பிள்ளை அகதி முகாமில் அலைவதா என்று கேட்கிறார்கள், நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியது அவளுக்கு அல்ல.

தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். பச்சைத் தேயிலைக்கு அடுத்த மாதம் என்ன விலை கிடைக்கும் என்றே தெரியாத வீட்டில், மாதாமாதம் வட்டி எங்கிருந்து வரும்? நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, கொஞ்சம் வேலை அனுபவத்தோடு, பெயர்பெற்ற கல்லூரியில் சேர்பவருக்கு எம்.பி.ஏ. பலன் தரும். பேசி வாங்கிய சீட்டில், மனசு ஒட்டாத பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் கடன் மட்டும்தான் உறுதி. கொழுந்தனார் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கடனை அவர் கட்டப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் குறையாகச் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: "ஞாயிற்றுக்கிழமையானால் லயன் வீட்டு ஆட்களுக்கு பி.எஃப். ஃபாரம், முதியோர் பென்ஷன் மனு என்று எழுதிக் கொடுத்தே பொழுதைக் கழிக்கிறாள்." யாரும் சொல்லாமல், காசு வாங்காமல் ஒரு பெண் இதைச் செய்கிறாள் என்றால், அவளுடைய நாட்டம் எது என்று தனியாகத் தேர்வு வைத்துப் பார்க்கத் தேவையில்லை. பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அவள் கேட்டதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் 'ராமானுஜம்' கப்பலில் தலைமன்னாரிலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். அவர்களில் பலருக்குத் தமிழக அரசு நிறுவனமான டேன்டீயின் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் கிடைத்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள் அகதிகள். அவர்களிலும் கணிசமானோர் உங்கள் மாமனாரைப் போல மலையகத்து வம்சாவளியினர்தான். ஆனால் இவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1951-ஆம் வருஷத்து ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் முகாம் குடும்பத்தின் வாழ்க்கை முழுக்க அவர்கள் கையில் இருக்கும் தாள்களைப் பொறுத்தது. கேஸ்வொர்க்கரின் வேலை முக்கால்வாசி அந்தத் தாள்களோடுதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் வேலை இப்படிப் போகும். முதல் சந்திப்பில் கேட்பது மட்டும்தான்: யார் யார் இருக்கிறார்கள், யார் எந்த வருஷம் வந்தார்கள், இப்போது எது அவசரம். பிறகு வீட்டில் உள்ள எல்லா ஆவணங்களையும் பாயில் பரப்பி, ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத வேண்டும். ஆவணத்தின் பெயர், கொடுத்த அலுவலகம், எண், தேதி, தமிழில் பெயர் எப்படி இருக்கிறது, ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி, தகப்பனார் பெயர். எழுதி முடித்ததும் சிக்கல் தானாகத் தெரியும். முகாம் பதிவேட்டில் 'செல்வி', பிறப்புச் சான்றில் 'தமிழ்ச்செல்வி', பள்ளிக்கூடத்தில் இன்ஷியலோடு வேறொரு எழுத்துக்கோர்வை, இலங்கை ஆவணத்தில் தகப்பன் பெயர் முன்னால் வந்து அதுவே இவளுடைய பெயர் போல ஆகியிருக்கும்.

இதில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, எது சுலபமோ அதை முதலில் திருத்துவது. ஆதாரைத் திருத்திவிட்டு வந்தால் பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகாது. அதைத் திருத்தப் போனால் பிறப்புச் சான்று கேட்பார்கள். காலத்தால் மூத்த ஆவணத்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றவற்றைத் தொட வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிறது என்றால் அந்தக் கேஸை முன்னால் எடுக்க வேண்டும். மதிப்பெண் சான்று அச்சாகி வந்த பிறகு பெயர் மாற்றுவது பெரும்பாடு.

சில தேதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பதிவில் பெயர் இல்லாமல் வாங்கிய சான்றில் 15 வருஷம் வரை பெயர் சேர்க்கலாம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடியுரிமைச் சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் அகதி முகாமில் 1986-இல் பிறந்த ஒருவர் இன்றைக்கும் அகதி அட்டையோடு இருக்கலாம். பிறந்த வருஷத்தைக் கவனித்து அவரைச் சட்ட உதவிக்கு அனுப்புவது கேஸ்வொர்க்கர் பொறுப்பு. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால்தான் இலங்கைக் குடியுரிமையாவது கையில் இருக்கும். அங்கே பெற்றோரின் திருமணச் சான்று கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்ட குடும்பங்கள் அந்த இடத்தில்தான் வருஷக்கணக்கில் முட்டி நிற்கின்றன.

பணத்துக்கும் கணக்கு தெரிய வேண்டும். அரசு தரும் உதவித்தொகை, 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. அது கிடைக்க, ஆள் கணக்கெடுப்பு நடக்கும் அன்றைக்குக் குடும்பம் முகாமில் இருந்தாக வேண்டும். அன்று தாலுகா ஆபீஸுக்கு அழைத்துப் போகிறேன் என்று தேதி குறித்தால், உதவப் போய் உபத்திரவம் செய்ததாக ஆகிவிடும்.

உங்கள் மகள் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிய கண்டிப்புகள் உண்டு. யாருடைய அசல் ஆவணத்தையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரக் கூடாது. நகல் போதும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லவே கூடாது. "மனு எழுதித் தருகிறேன், கூட வருகிறேன், இந்தத் தேதியில் வந்து சொல்கிறேன்" என்பதுதான் சொல்லக்கூடியது. சொந்தக் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வீட்டுக்காரர் மனசு முறியும், அதற்குப் பிறகு யாரும் உண்மையான கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். முகாம் பிள்ளைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது மன்னிக்க முடியாத தப்பு. குறிப்பேட்டில் "கணவர் பொறுப்பில்லாதவர்" என்று எழுதாமல், "மூன்று மாதமாக வீட்டுக்குப் பணம் தரவில்லை என்று மனைவி சொன்னார்" என்று எழுத வேண்டும். இரண்டு மாதப் பயிற்சியில் ஆறாவது வாரத்துக்குப் பிறகு புதுக் கேஸ் எடுக்கவே கூடாது. கடைசி இரண்டு வாரம் ஒப்படைப்புக்கு: எந்த மனு எங்கே கிடக்கிறது, ரசீது எண் என்ன, அடுத்து யார் போக வேண்டும். இதைச் செய்யாமல் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்துவிடும் மாணவர்களால்தான் முகாம்களில் இன்டர்ன் என்றாலே சலிப்பு.

இடம் கிடைப்பதற்கு வழி: முகாமுக்குள் நேராகப் போக முடியாது. மறுவாழ்வுத் துறையின் அனுமதி வேண்டும், கியூ பிரிவு (மாநில உளவுப் பிரிவு) போலீஸின் கண்காணிப்பும் உண்டு. அதனால் முகாமில் ஏற்கெனவே வேலை செய்யும் அமைப்பின் வழியாகத்தான் போக வேண்டும். 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு, இரண்டுக்கும் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு எழுதச் சொல்லுங்கள். அனுமதிக்கு நாளாகும், தேர்வு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத வேண்டும். மேட்டுப்பாளையத்திலேயே முகாம் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர், வீட்டிலிருந்தே போய் வரலாம். செலவு பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான். பயிற்சிக்குக் கட்டணம் கேட்கும் எந்த இடத்துக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அங்கே விற்பது சர்டிபிகேட் மட்டும்தான்.

அனுமதி தாமதமானால் நீலகிரியிலேயே வேலை இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் எஸ்டேட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்கள் அகதிகள் இல்லை, ஆனால் புது ஊரில் தாள் இல்லாமல் தவிப்பதில் வித்தியாசமில்லை. டி.சி. இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சொந்த ஊர் ரேஷன் கார்டை வைத்து இங்கே அரிசி வாங்கவும் வழியுண்டு. இந்த இரண்டையும் நான்கு குடும்பத்துக்கு முடித்துக் கொடுத்தாலே அவள் தொழில் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிடுவாள். கொஞ்சம் இந்தி படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பேச்சுக்குச் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது கூடாது. வீட்டுச் சண்டையும் நோயும் அந்தப் பிள்ளை வாய் வழியாகவா வர வேண்டும்?

வெளிநாட்டில் இதற்கு மதிப்பு அதிகம், நேரே அங்கே அனுப்பலாம் என்று இன்னொரு உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இது ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலாகத்தான் இருந்தது. குடும்பம் விமானத்தில் இறங்குவதற்கு முன் வீடு தயாராக இருக்கும், 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள், 30 நாளுக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பார்கள், முதல் 90 நாளுக்கு ஒரு திட்டம் இருக்கும். அந்த நாட்டு அரசு 2025 ஜனவரியில் அகதிகள் வருகையை நிறுத்தி வைத்ததும் மறுகுடியேற்ற அமைப்புகள் பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தன. ஓர் அரசாணையில் நின்றுபோகக்கூடிய வேலையை நம்பிக் கல்விக் கடன் வாங்கக் கூடாது.

இரண்டு மாதம் முடிந்தும் அவளுக்கு ஆசை குறையவில்லை என்றால், சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சேரட்டும். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் சேரலாம். இரண்டு வருஷம், பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. கோவை பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியிலும், 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியிலும் இருக்கிறது. சேரும்போது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள், கட்டணம் மிகவும் வேறுபடும். சம்பளத்தை மறைக்க மாட்டேன்: தொண்டு நிறுவனத்தில் தொடக்கத்தில் பெரும்பாலும் 15,000 முதல் 25,000 ரூபாய்தான். மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான சேவை மையம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவு என்று பிறகு நகர வழி இருக்கிறது. கடன் இல்லாமல் படித்தால் அந்தத் தொடக்கச் சம்பளத்தில் நிற்க முடியும். கடனோடு என்றால் முடியாது.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு: தனியாகப் போகக் கூடாது, எந்த நல்ல அமைப்பும் அப்படி அனுப்பாது. வீடுகளுக்கு இரண்டு பேராக, பகலில், மேற்பார்வையாளரிடம் எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சேர்வதற்கு முன் மேற்பார்வையாளரின் பெயரும் போன் நம்பரும் உங்கள் கையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவர் உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவாரா என்றும் கேளுங்கள். "பேச நேரமிருக்காது" என்றால் அந்த இடம் வேண்டாம்.

எம்.பி.ஏ. சீட்டுக்கு இதுவரை முன்பணம் கட்டவில்லை என்றால், பயிற்சி முடியும்வரை கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இந்த வாரமே கல்லூரிக்குப் ஸ்பீடு போஸ்டில் சேர்க்கை ரத்துக் கடிதம் அனுப்புங்கள். பணம் திருப்பித் தருவதற்கு விதி இருக்கிறது, எழுதுவதில் தாமதமாக ஆகத் திரும்பும் தொகை குறையும். மகளின் அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதைத் தடை செய்திருக்கிறது. கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.