இரண்டு நேர அட்டவணைகள் மோதினால் ஆரக்கிள் தரவுத்தளத்தில் எந்த வரம்பு செல்லும்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில், காலை 6 முதல் இரவு 10 வரை ஒரு விண்டோ (யாருக்கு எவ்வளவு சி.பி.யு., அதாவது கணினிச் செயலியின் பங்கு, என்ற திட்டம் நடப்பில் இருக்கும் நேரம்), இரவு 8 முதல் 2 வரை இன்னொன்று. 8 மணிக்குத் தொடங்கும் கணக்கறிக்கைக்குப் போதிய சி.பி.யு. ஏன் கிடைப்பதில்லை என்பது உங்கள் கேள்வி.

இரண்டு விண்டோக்களின் திட்டங்களிலும் உள்ள வரம்புகள் கூட்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆரக்கிளில் ஒரு நேரத்தில் ஒரே விண்டோதான் திறந்திருக்கும். முன்னுரிமை சமமாக இருந்தால் முதலில் திறந்ததே நீடிக்கும். சொல்லாமல் விட்டால் எல்லாமே 'லோ' (குறைந்த முன்னுரிமை) தான். ஆகவே உங்கள் இரவு விண்டோ 10 மணிவரை காத்துக் கிடக்கிறது.

அதை 'ஹை' ஆக்கினால் 8 மணிக்கே பகல் விண்டோ மூடி இது திறக்கும். ஆனால் மாம்பழ சீசனில் லாரிகள் இரவு 9 மணிக்கும் எடைமேடையில் நிற்கும். பில் போடுபவருக்குத் தாமதம் ஆகக் கூடாது. அதனால் இரவுத் திட்டத்திலும் பில்லிங் குழுவுக்கு (பில் வேலைகளைச் சேர்த்து வைத்த பயனர் தொகுப்புக்கு) நல்ல சி.பி.யு. பங்கு ஒதுக்குங்கள். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு விண்டோ முடியும்போது பல காத்திருந்தால், முன்னுரிமை அதிகமுள்ளது திறக்கும்; முன்னுரிமையும் சமமானால், மீதி நேரம் விகிதத்தில் அதிகமுள்ளது திறக்கும். முடிந்தால் நேரங்கள் மோதாமலே வையுங்கள். அப்புறம் விண்டோ லாகை (விண்டோக்களின் பதிவேட்டை) பாருங்கள், எது எப்போது திறந்தது என்று அதில் இருக்கும்.