சிவப்பு வரி காட்டுகிற இடமும் தவறு நடந்த இடமும்

கேள்வி: யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு சின்ன 2டி விளையாட்டு செய்கிறேன். மேலிருந்து மாங்காய் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் ஸ்கோர் ஏறாமல் கன்சோலில் (செய்திகள் வரும் பலகம்) ‘நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன்’ என்று சிவப்பாக வருகிறது. ஸ்கோர்டெக்ஸ்ட் என்ற வேரியபிளை ஸ்டார்ட்டில் (தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் ஃபங்ஷன்) கெட்காம்பொனென்ட் (ஆப்ஜெக்ட்டில் ஒட்டியிருக்கிற பாகத்தைத் தேடித் தரும் கட்டளை) போட்டுத்தான் எடுத்திருக்கிறேன். ‘நல் இல்லையென்றால் மட்டும்’ என்று ஒரு இஃப் சேர்த்ததும் எரர் நின்றுவிட்டது. ஆனால் ஸ்கோர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த இஃப் வரியை எடுத்துவிடுங்கள். எரர் அங்கேயேதான் இருக்கிறது, நீங்கள் அதன் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். அது சத்தம் போட்டால்தான் நாம் தேடிப் போக முடியும்.

ஸ்கோர்டெக்ஸ்ட் என்பது திரையில் தெரிகிற அந்த எழுத்து கிடையாது. அது ஒரு முகவரிச் சீட்டு. எழுத்து வேறு எங்கோ குடியிருக்கிறது, சீட்டில் அதன் விலாசம் எழுதியிருக்க வேண்டும். சீட்டில் எதுவும் எழுதாமல் இருப்பதுதான் நல். வெற்றுச் சீட்டை வைத்திருப்பதால் எந்தத் தொல்லையும் இல்லை, அதை நம்பிக் கதவைத் தட்டப் போகும்போதுதான் எரர் வருகிறது. ஆகவே சிவப்பு வரி காட்டுவது கதவைத் தட்டிய இடத்தை. விலாசம் எழுதாமல் விட்டது அதற்கு வெகு முன்னால், வேறொரு வரியில், சில சமயம் வேறொரு ஃபைலிலேயே நடந்திருக்கும்.

கன்சோலில் அந்த எரரை ஒருமுறை சொடுக்கி, கீழே விரிகிற விவரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஸ்கிரிப்ட்டின் பெயர், ஃபங்ஷனின் பெயர், கடைசியில் வரி எண் எல்லாம் இருக்கும். அந்த வரிக்குப் போய்ப் புள்ளிகளை எண்ணுங்கள். ஏதோ ஒரு புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதுதான் காலி. உங்கள் வரியில் ஸ்கோர்டெக்ஸ்ட், ஸ்கோர் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஸ்கோர் ஒரு முழு எண், அது நல் ஆகவே முடியாது. மிச்சம் ஸ்கோர்டெக்ஸ்ட் ஒன்றுதான். ஒரே வரியில் நாலைந்து புள்ளிகள் இருந்தால் அதை இரண்டு மூன்று வரியாகப் பிரித்து எழுதி மறுபடி ஓட்டுங்கள், எது காலி என்று வரி எண்ணே சொல்லிவிடும்.

அடுத்து, இந்தச் சீட்டை நிரப்ப வேண்டியவர் யார்? நீங்கள் ஸ்டார்ட்டில் கெட்காம்பொனென்ட் என்கிறீர்கள். முன்னால் எந்தப் பெயரும் போடாமல் அதை எழுதினால், ஸ்கிரிப்ட் ஒட்டியிருக்கிற அதே ஆப்ஜெக்ட்டில் மட்டும்தான் தேடும். உங்கள் ஸ்கிரிப்ட் இருப்பது கூடையில், எழுத்து இருப்பது திரை எழுத்துகளைத் தாங்குகிற கேன்வாஸுக்கு உள்ளே. கூடையில் தேடினால் எழுத்து எப்படிக் கிடைக்கும்? உங்கள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேரியபிளுக்கு சீரியலைஸ்ஃபீல்டு போட்டு, இன்ஸ்பெக்டரில் (ஆப்ஜெக்ட்டின் விவரங்களைக் காட்டும் பலகம்) தெரிகிற கட்டத்துக்குள் அந்த எழுத்தை இழுத்துப் போடுங்கள். ஸ்டார்ட்டில் உள்ள கெட்காம்பொனென்ட் வரியையும் அழித்துவிடுங்கள், விட்டுவைத்தால் நீங்கள் நிரப்பியதை அது திரும்பவும் காலியாக்கிவிடும்.

இழுத்துப் போடும்போது கட்டம் ஏற்க மறுத்தால் வேரியபிளின் வகையைப் பாருங்கள். பழைய வீடியோக்களில் வெறும் டெக்ஸ்ட் என்று இருக்கும். இப்போது மெனுவில் முதலில் கிடைப்பது டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ. இரண்டும் வேறு வேறு வகை. வேரியபிளை டிஎம்பி_டெக்ஸ்ட் என்று மாற்றி, ஃபைலின் தலையில் யூசிங் டிஎம்ப்ரோ சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு தவறு கண்ணுக்கு எதிரே இருந்தும் தெரியாது. மேலே ரிஜிட்பாடி2டி (ஆப்ஜெக்ட்டை இயற்பியல் விதிப்படி நகர வைக்கும் பாகம்) என்ற வகையில் ஆர்பி என்று ஒரு வேரியபிளை அறிவித்துவிட்டு, ஸ்டார்ட்டுக்குள் ஆர்பியில் மதிப்பைப் போடும்போது பழக்கதோஷத்தில் முன்னால் மறுபடி ரிஜிட்பாடி2டி என்று எழுதிவிடுவது. அந்த ஒரு சொல்லால் ஸ்டார்ட்டுக்குள் அதே பெயரில் புதிதாக ஒரு வேரியபிள் பிறந்து, ஸ்டார்ட் முடிந்ததும் போய்விடுகிறது. மேலே உள்ளது கடைசிவரை காலி.

எல்லாம் சரியாக இருந்தும் எரர் வருகிறது என்று ஒரு மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கட்டத்தில் எழுத்து இருக்கிறது, நானும் பார்த்தேன். ஒரு மணி நேரம் போன பிறகு அந்த வரிக்கு மேலே கன்சோலில் செய்தி போடுகிற டீபக்.லாக் ஒன்றை எழுதி, இரண்டாவது மதிப்பாக திஸ் (இந்த ஸ்கிரிப்ட்டையே குறிக்கும் சொல்) கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் கன்சோலில் அந்தச் செய்தியைச் சொடுக்கும்போது எந்த ஆப்ஜெக்ட் பேசியது என்று ஹைரார்கியில் (ஆப்ஜெக்ட்டுகளின் பட்டியல்) மஞ்சளாகக் காட்டும். காட்டியது கேமராவை! எப்போதோ கைதவறி அதே ஸ்கிரிப்ட் கேமராவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே கட்டம் காலி. அன்றிலிருந்து இந்தச் சோதனையை முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்துவிடுகிறேன்.

உங்கள் விளையாட்டில் மாங்காய் ப்ரீஃபேப்பாக, அதாவது நகல் எடுப்பதற்கான அச்சாக, இருக்கும். சீனில் உள்ள எழுத்தையோ கூடையையோ ப்ரீஃபேப்பின் கட்டத்தில் போட்டுவைக்க முடியாது, அது ஏற்காது. மாங்காயை உருவாக்குகிற ஸ்கிரிப்ட்தான், நகல் எடுக்கும் கட்டளையான இன்ஸ்டான்ஷியேட் திருப்பித் தருகிற புது மாங்காயின் கையில் கூடையின் விலாசத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

வரிசையும் முக்கியம். சீன் திறக்கும்போது அதில் இயங்கும் நிலையில் இருக்கிற எல்லா ஆப்ஜெக்ட்டுகளின் அவேக் என்ற ஃபங்ஷனும் ஓடி முடித்த பிறகுதான் ஸ்டார்ட் தொடங்கும். ஆனால் இரண்டு ஆப்ஜெக்ட்டுகளின் அவேக்கில் எது முந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேற்று வரை ஓடியது இன்று உடைகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். தன் சொந்தச் சாமான்களை அவேக்கில் எடுத்து வைப்பது, அடுத்தவரிடம் பேசுவதை ஸ்டார்ட்டில் வைத்துக்கொள்வது. இந்த ஒரு பழக்கம் போதும்.

இதற்காகக் கூச்சப்படவே வேண்டாம். 1965ல் அல்கால் டபிள்யூ என்ற நிரலாக்க மொழியில் நல்லைக் கொண்டுவந்தவர் டோனி ஹோர், குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த அதே மேதை. செய்வதற்கு மிக எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009ல் அவரே மேடையேறிச் சொன்னார்.

அப்படியானால் இஃப் போட்டு நல் பார்ப்பதே தவறா? காலியாக இருப்பது விளையாட்டிலேயே நியாயமான நிலை என்றால் கட்டாயம் பாருங்கள். துரத்துகிற எதிரிக்கு இலக்கு செத்துப்போயிருக்கலாம், அங்கே சோதனை வேண்டும். ஆனால் அந்த இடத்தில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த சுருக்கு வழியைத் தொடாதீர்கள். டெஸ்ட்ராய் கட்டளையால் அழித்த ஆப்ஜெக்ட்டை நல்லுக்குச் சமம் என்று காட்டுவது இரட்டைச் சமக்குறியில் யூனிட்டி செய்துவைத்திருக்கிற தனி ஏற்பாடு. கேள்விக்குறிக்கு அது தெரியாது, செத்த ஆப்ஜெக்ட்டை உயிரோடிருப்பதாக நம்பி உள்ளே போய்விடும்.

ஸ்கோர் எழுத்து எந்த நேரத்திலும் காலியாக இருக்கக் கூடாத ஒன்று. அதற்கு அவேக்கில் ஒரு சோதனை வையுங்கள்: காலி என்றால் டீபக்.லாக்எரர், கூடவே திஸ். மாங்காய் விழும்வரை காத்திருக்காமல் ப்ளே அழுத்தியதுமே எந்த ஆப்ஜெக்ட்டில் கட்டம் காலி என்று தெரிந்துவிடும்.