ஐப்பசியில் பச்சை பூத்த பெட்

அன்புள்ள அக்கா,

மன்னார்குடி பக்கம் கீற்றுக் குடிலில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். மார்கழி, தையில் நன்றாக வந்தது. சித்திரையில் மொட்டு வந்து கருகியது. ஐப்பசியில் பாதி பெட் (அவித்த வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) பச்சைப் பூஞ்சை பூத்துப் போனது. குடிலுக்குள்தானே வளர்க்கிறோம், வெளியே அடிக்கிற வெயிலும் மழையும் என்ன செய்யும்? ஏசி போட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஏசி வேண்டாம். குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் அது எடுத்துவிடும். சிப்பிக்கோ 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். கதவையும் அடைத்து வைப்பீர்கள். கரியமில வாயு உள்ளேயே தங்கி, தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். கரண்ட் பில் வேறு.

கீற்று வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. சிப்பி கேட்பது 20 முதல் 28 டிகிரி. சித்திரை மதியம் குடிலில் 34 இருந்தால் பெட்டுக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். உள்ளே வெள்ளையாகப் பரவும் காளான் பூசணமும் மூச்சு விட்டுச் சூடு கிளப்புகிறதே. சாக்கை நனைத்துத் தொங்கவிடச் சொல்வார்கள். கோவைப் பக்கத்து வறண்ட காற்றில் அது நன்றாகக் குளிரும். கடல்காற்று வந்து புழுங்கும் நாளில் சாக்குத் தண்ணீர் ஆவியாகவே மாட்டேன் என்னும்.

அதனால் பங்குனியிலேயே பால் காளானுக்கு மாறிவிடுங்கள். 30 முதல் 35 டிகிரிதான் அதற்குப் பிடிக்கும். 1974இல் மேற்கு வங்கத்தில் கண்டறிந்த காளான். நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 ரகம் இங்கே பரவலாக இருக்கிறது. பெட்டைப் பாதியாக வெட்டி, அவித்த மண் பரப்புகிற வேலை மட்டும் கூடுதல்.

ஐப்பசி விஷயத்தில் எனக்கு உங்கள் வைக்கோல் மீதுதான் சந்தேகம். குறுவை வைக்கோலா? மழையில் நனைந்து வயலிலேயே பூஞ்சை பிடித்ததை எவ்வளவு அவித்தாலும் தேறாது. தை, மாசியில் வரும் சம்பா வைக்கோலைக் காயவைத்துப் போர் போட்டு, தார்பாய் மூடி வைத்துக்கொள்ளுங்கள். அவித்ததை உலர்த்த மழைநாளில் வெயிலும் இருக்காது. கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை ஈரமானால் போதும்.

அப்புறம், ஸ்பிரேயர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வழக்கம்போல மூன்று வேளை அடித்தே இருபது பெட்டை அழுகவிட்டவள் நான். பெட்டின் மேல்பரப்பு காய்ந்தால் மட்டும் அடியுங்கள். பச்சை பூத்ததைக் குடிலுக்குள் சுரண்டிப் பார்க்காதீர்கள். அந்தத் தூள் முழுக்கப் பச்சைப் பூஞ்சையின் வித்துதான். ஈரத்துணி போட்டு மூடி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

மார்கழியிலும் ஒன்று உண்டு. இரவுக் குளிரில் பூசணம் மெதுவாக ஓடும். 15 நாள் ஆயிற்றே என்று பையைக் கிழிக்க வேண்டாம், முழுக்க வெள்ளையான பிறகு கிழியுங்கள்.